ஆளில்லாத் தீவு என்னும் பொய்

2025 மே 22 அன்று பிரிட்டனும் மொரிஷியசும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. இந்துமாக்கடலின் நடுவிலுள்ள சாகோஸ் தீவுக்கூட்டம் மொரிஷியசுக்கே உரியது என்று பிரிட்டன் அதில் ஒப்புக்கொண்டது. கூடவே, அத்தீவுகளில் பெரியதான டீகோ கார்சியாவை 99 ஆண்டுகளுக்குத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும், அதற்கு ஆண்டுக்குச் சராசரியாகப் 10.1 கோடி பவுண்டு செலுத்தவும் வழிசெய்துகொண்டது. அங்குள்ள அமெரிக்க இராணுவத் தளம் அப்படியே தொடரும். விரட்டப்பட்ட மக்கள் மற்றத் தீவுகளில் குடியேறலாம். டீகோ கார்சியாவில் குடியேற முடியாது. மோடி அரசு இந்த ஒப்பந்தத்தை வரவேற்றது.

இரண்டு மாதங்கள்கூட ஆகவில்லை. 2025 ஜூலையில் லட்சத்தீவு நிர்வாகம் பித்ரா தீவு முழுவதையும் பாதுகாப்புத் தேவைகளுக்காகக் கையகப்படுத்தும் நோக்குடன் சமூகத் தாக்க மதிப்பீட்டுக்கு அறிவிக்கை வெளியிட்டது. இவ்விரு செய்திகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் மூன்றும் கடலுக்கடியில் வடக்குத் தெற்காக ஓடும் ஒரே மலைத்தொடரின் மீது அமைந்தவை. பழைய எரிமலைகள் மெல்ல அமிழ, அவற்றின் விளிம்பில் பவளப்பாறைகள் மேல்நோக்கி வளர்ந்து, நடுவில் காயலைச் சூழ்ந்த வளையங்களாக நிலைத்தன. அப்படி உருவான வளையமே டீகோ கார்சியா. குமரிமுனைக்குத் தெற்கே சுமார் 1,800 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இத்தீவின் நிலப்பரப்பு ஏறத்தாழ 27 சதுர கிலோமீட்டர். கடல்மட்டத்திற்கு மேல் அதன் சராசரி உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். ஆனால் அதன் காயலில் பெரும் போர்க்கப்பல்கள் பாதுகாப்பாக நங்கூரமிடலாம். மேற்காசியா, கிழக்கு ஆப்பிரிக்கா, தெற்காசியா ஆகிய மூன்றும் அங்கிருந்து புறப்படும் குண்டுவீச்சு விமானங்களுக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

காலனி நாடுகள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த 1950களின் இறுதியில், அமெரிக்கக் கடற்படையின் திட்ட வகுப்பாளர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். விடுதலை பெற்ற நாட்டில் தளம் வைத்திருந்தால் என்றாவது வெளியேறச் சொல்வார்கள். எனவே மக்கள்தொகை மிகக் குறைந்த தொலைதூரத் தீவுகளை இப்போதே பிடித்துவைக்க வேண்டும் என்பதே அந்தக் கணக்கு. பசிபிக்கில் அவர்களுக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது. 1946இல் மார்ஷல் தீவுகளின் பிகினி பவளத்தீவிலிருந்து 167 பேரை வெளியேற்றிவிட்டு, 1958 வரை அங்கே 23 அணுகுண்டுச் சோதனைகளை அமெரிக்கா நடத்தியது. மற்றொரு பவளத்தீவான குவாஜலின் இன்றும் அதன் ஏவுகணைச் சோதனைக் களமாக இருக்கிறது.

1965 நவம்பரில், மொரிஷியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்றாண்டுகளுக்கும் குறைவான காலமே இருந்தபோது, பிரிட்டன் சாகோசை அதிலிருந்து வெட்டியெடுத்துப் புதிய காலனி ஒன்றை உருவாக்கியது. மொரிஷியசுக்குக் கொடுத்தது 30 லட்சம் பவுண்டு. 1966 டிசம்பரில் டீகோ கார்சியா அமெரிக்காவின் பயன்பாட்டுக்கு ஒப்படைக்கப்பட்டது. இதற்குக் கைமாறாக, பிரிட்டன் வாங்கிய போலாரிஸ் ஏவுகணைகளின் ஆய்வுக் கட்டணத்தில் 1.4 கோடி டாலர் இரகசியமாகத் தள்ளுபடி செய்யப்பட்டது.

தீவுகளில் மக்கள் இருந்தார்கள். தென்னந்தோட்டங்களில் உழைக்க ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகளின் வழித்தோன்றல்களும், இந்தியாவிலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்களும் அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்தார்கள். அவர்களுக்குத் தனி மொழி, தேவாலயங்கள், கல்லறைகள் எல்லாம் இருந்தன. நிரந்தரக் குடிகள் என்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்துபோகும் கூலிகள் என்று பிரிட்டன் அவர்களைக் கணக்கில் எழுதியது. 1968 முதல் 1973 வரை 1,500க்கும் மேற்பட்டோர் மொரிஷியசுக்கும் சீஷெல்சுக்கும் அகற்றப்பட்டனர். மருத்துவத்திற்காக மொரிஷியஸ் சென்றவர்களுக்குத் திரும்பக் கப்பல் கிடைக்கவில்லை. தீவில் இருந்தவர்களின் கண்முன்னே அவர்களது நாய்கள் கூட்டமாகக் கொல்லப்பட்டன.

அப்படிக் காலியாக்கப்பட்ட மண்ணில்தான் 3,600 மீட்டர் நீள ஓடுபாதை எழுந்தது. 1991இல் ஈராக் மீதும், 2001இல் ஆப்கானிஸ்தான் மீதும், 2003இல் மீண்டும் ஈராக் மீதும் குண்டு வீசிய விமானங்கள் அங்கிருந்து பறந்தன. 2002இல் விசாரணையின்றிக் கடத்திச் செல்லப்பட்ட கைதிகளுடன் இரண்டு அமெரிக்க விமானங்கள் அங்கே இறங்கியதை 2008இல் பிரிட்டனே ஒப்புக்கொண்டது. மாதேசுவர மலைக்குப் போகும் வழியிலுள்ள கௌதள்ளியில் கடலையே காணாத உழவருக்கும் இத்தீவு தொலைவில் இல்லை. வளைகுடாவில் குண்டு விழுந்தால் அவர் நிலத்தை உழும் டிராக்டரின் டீசல் விலையில் அது எதிரொலிக்கும்.

தமிழர்களை அத்தீவு நேரடியாகவே தீண்டியது. 2021 அக்டோபரில் படகு பழுதாகி மீட்கப்பட்ட ஈழத்தமிழர்கள் டீகோ கார்சியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். குழந்தைகள் உட்பட அவர்கள் வேலியிட்ட கூடார முகாமில் வைக்கப்பட்டனர். மூன்றாண்டுகளுக்கு மேல் அடைபட்டுக் கிடந்தவர்களில் பெரும்பாலோர் 2024 டிசம்பரில்தான் பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அவர்கள் சட்டவிரோதமாகச் சிறைவைக்கப்பட்டிருந்தார்கள் என்று அதே மாதம் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்த மக்களுக்கு இடமில்லை என்று சொன்ன தீவில் அடைக்கலம் தேடியவர்களுக்குச் சிறை மட்டும் இருந்தது.

இந்தக் கடலைக் குறித்து ஒரு காலத்தில் இந்தியாவுக்குத் தெளிவான நிலைப்பாடு இருந்தது. இலங்கை முன்னெடுத்து இந்தியா ஆதரித்த, இந்துமாக்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய நாள் 1971 டிசம்பர் 16. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் எண்டர்பிரைஸ் இந்தியாவை மிரட்ட வங்கக்கடலுக்குள் நுழைந்திருந்த நேரம் அது. 2019இல்கூட, சாகோசிலிருந்து பிரிட்டன் வெளியேற வேண்டும் என்ற தீர்மானத்திற்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. அத்தீர்மானம் 116க்கு 6 என்ற வாக்குகளில் நிறைவேறியது.

ஆனால் 2016இல் இந்தியத் தளங்களில் அமெரிக்கப் படைகள் எரிபொருளும் பராமரிப்பும் பெற வழிவகுக்கும் ஒப்பந்தத்தில் மோடி அரசு கையெழுத்திட்டது. இறையாண்மைக்குக் குரல் கொடுப்பதும், அதே இறையாண்மையின் மேல் நிற்கும் அந்நியத் தளத்தைப் பற்றி மௌனம் காப்பதும் ஒன்றாக நடக்கின்றன.

அந்த மௌனத்தின் உள்நாட்டு முகம் பித்ரா. 0.1 சதுர கிலோமீட்டர் பரப்பே உள்ள அத்தீவில் 2011 கணக்கெடுப்பின்படி 271 பேர் வாழ்ந்தனர். லட்சத்தீவின் பூர்வகுடிகள் ஏறக்குறைய அனைவரும் பழங்குடிப் பட்டியலில் உள்ளவர்கள். மீன்பிடித்தலும் தென்னையும் அவர்களது வாழ்வாதாரம். தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகள் செயல்படாத நேரத்தில் இந்த அறிவிக்கை வந்தது. கவரத்தியிலும் மினிக்காயிலும் கடற்படைத் தளங்கள் மக்கள் குடியிருப்போடு சேர்ந்தே இயங்குகின்றன. நாட்டின் பாதுகாப்புக்குக் கண்காணிப்பு தேவை என்பதை எவரும் மறுக்கவில்லை. அதற்காக ஒரு தீவின் மக்கள் முழுவதும் இடம்பெயர வேண்டும் என்பதற்கு அரசு தரும் விளக்கம், பித்ராவின் அமைவிட முக்கியத்துவமும் அங்கு மக்கள் வாழ்வதில் உள்ள நிர்வாகச் சிரமமும் என்பதாகும். மக்களின் எண்ணிக்கை குறைவு என்பது அவர்களது உரிமையைக் குறைக்கும் காரணமாகாது. டீகோ கார்சியாவிலும் முதலில் சொல்லப்பட்டது இந்தக் காரணந்தான்.

பித்ராவைக் கையகப்படுத்தும் திட்டத்தை ஒன்றிய அரசு கைவிட வேண்டும். லட்சத்தீவில் உடனடியாக உள்ளாட்சித் தேர்தலை நடத்த வேண்டும். டீகோ கார்சியா உட்பட எல்லாத் தீவுகளுக்கும் திரும்பும் சாகோஸ் மக்களின் உரிமைக்காக ஐ.நா.வில் இந்தியா குரலெழுப்ப வேண்டும். 2016 ஒப்பந்தத்திலிருந்து விலகி, இந்துமாக்கடல் அமைதி மண்டலம் என்னும் கோரிக்கையை மீண்டும் கையிலெடுக்க வேண்டும். தன் தீவின் 271 பேரை இடம்பெயரச் சொல்லும் ஓர் அரசு, அடுத்தவர் தீவிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்காகப் பேச இயலாது. எனவே அந்தக் குரலுக்கான முதல் அடி பித்ராவிலிருந்தே தொடங்க வேண்டும்.