மேசைமேல் ஒரு காடு



சென்ற மாதத்தில் ஒரு நாள் மாலை, கல்முனையில் என்னிடம் சரித்திரம் பயிலும் மாணவன் ஒருவனுடைய தாயார் எங்கள் இல்லத்துக்கு வந்தார். அமரச் சொல்லியும் அமரவில்லை. "சேர், மகன் படிப்ப விட்டுப்போட்டு யுத்தப் பொம்மைக்குப் பெயின்ட் பூசிக்கிட்டு இருக்கான். நீங்க சொன்னாத்தான் கேட்பான்" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "விறகுக்குக் காட்டுக்குப் போன என்ட காக்கா 1990ல திரும்பி வரல்ல. எங்கட வீட்டு மேசையிலயும் ஒரு காடு வேணுமா?" என்று கேட்டார்.

அதற்கு விடை சொல்ல என்னால் இயலவில்லை. மறுநாளே அவ்வீட்டுக்குச் சென்றேன். பையனைக் கண்டிக்கும் எண்ணத்துடனேயே சென்றேன் என்பதை மறைப்பானேன்?

கட்டாரில் தொழில் புரியும் மாமா அனுப்பிய பெட்டி அது. உள்ளே ஏறத்தாழ 28 மில்லிமீற்றர் உயரமுள்ள பிளாஸ்டிக் சிப்பாய்கள். பர்மாக் காட்டில் பொருதிய பிரிட்டிஷ்-இந்தியப் படையினரும் ஜப்பானியரும். இவற்றுக்கு வர்ணம் தீட்டி, மேசைமீது அணிவகுத்து, அளவுகோலும் தாயக்கட்டையும் கொண்டு பழைய போர்களை ஆடிப் பார்ப்பது மேனாட்டில் வயது வந்தோரின் பொழுதுபோக்காகும். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913இல் பொம்மைப் போருக்கென்றே ஒரு விதிநூல் எழுதினார். மறு ஆண்டு மெய்யான மகாயுத்தமே மூண்டுவிட்டது.

பர்மா யுத்தம் நமக்கு அந்நியமானதன்று. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடித்தன. 1943இல் கிழக்காபிரிக்காவின் 11ஆம் படைப்பிரிவு நம் இலங்கையில் பயிற்சி பெற்று, மறு ஆண்டு பர்மாவின் கபோ பள்ளத்தாக்கில் போரிட்டது. இவற்றைப் பையன் அறிந்திருக்கவில்லை. கண்டிக்க வந்தவன் பாடம் சொல்லத் தொடங்கிவிட்டேன். ஆசிரியத் தொழிலின் பலவீனம் இது.

அவன் தீட்டியிருந்த முகங்கள் யாவும் ஆரோக்கியமாக விளங்கின. "தம்பி, இவர்கள் காட்டில் இருந்தவர்கள் அல்லர்" என்றேன். அங்கே துப்பாக்கியைவிடக் கொடியது மலேரியாக் காய்ச்சல். 1943இல் காயமுற்று வெளியேற்றப்பட்ட ஒருவருக்கு நோயுற்று வெளியேற்றப்பட்டோர் 120 பேர் என்று தளபதி ஸ்லிம் எழுதியுள்ளார். தினமும் மெப்பகிரின் மாத்திரை விழுங்க வேண்டும் என்று கட்டளை பிறந்தது. அதனைச் சரிவர நிறைவேற்றாத அதிகாரிகள் மூவரை அவர் பதவியினின்று நீக்கவும் செய்தார். அம்மாத்திரை தோலை மஞ்சளாக்கிவிடும். ஆகவே அச்சிப்பாய்களின் முகத்தில் மஞ்சள் கலந்தாலன்றி உண்மை வராது. அவர்களுடைய பச்சை உடுப்பும் வியர்வையாலும் வெயிலாலும் வெளிறிப் போயிருக்கும்.

சிறிய உருவத்தின்மீது வெளிச்சம் போதிய நிழலை உண்டாக்குவதில்லை. எனவே நிழலையும் நாமே தீட்ட வேண்டும். பிளாஸ்டிக்கைச் சவர்க்கார நீரில் கழுவி உலர்த்தி, அடிவர்ணம் பூசி, அதன்மேல் உரிய நிறங்களை இட்டபின், நீர்த்த கரும்பழுப்பு வர்ணத்தை ஓடவிட்டால் அது மடிப்புகளில் தங்கி நிழலாகிவிடும். பின்னர் தூரிகையைத் துணியில் ஏறக்குறைய வரளும்வரை துடைத்துவிட்டு, வெளிறிய நிறத்தால் மேடுகளை மாத்திரம் தடவ வேண்டும். பையனுக்கு இவை கைவந்திருந்தன.

தரையில்தான் தவறியிருந்தான். காடென்றால் பச்சை என்று எண்ணிப் பீடம் முழுவதையும் பச்சையாக்கியிருந்தான். அடர்ந்த காட்டின் அடியில் வெயில் விழுவதில்லை; புல்லும் அரிது. பழுப்புச் சருகும் வேரும் ஈரமண்ணுமே அங்கு தரை. இதற்குரிய பொருள்களை வெளிநாட்டிலிருந்து தருவிப்போர் உண்டு. நமக்கு அவை எதற்கு? கடற்கரை மணலை நல்ல தண்ணீரில் மும்முறை அலசினோம். உப்பு நின்றால் ஈரத்தை உறிஞ்சி வர்ணத்தைக் கெடுக்கும். வெள்ளைப் பசை தடவி மணலைத் தூவி, கரும்பழுப்புப் பூசினோம். சாயம் வடித்த தேயிலையை நன்கு வெயிலில் உலர்த்திச் சருகாக்கினோம். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். கொடிக்குத் தென்னந்தும்பு. தேநீர் கொண்டு வந்த தாயார் இவற்றைப் பார்த்தும் பாராதவர்போல உள்ளே போய்விட்டார்.

அப்பொழுதுதான் பையன் கேட்டான்: "சேர், இந்த யுத்தத்தில நம்மட ஆக்கள் இருக்கல்லையா?"

இருந்தார்கள். மலாயாத் தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஆனால் அவன் பெட்டியில் எவ்விதத்திலும் இடம்பெறாதவர்கள் வேறு சிலர். 1942 முதல் 1943 வரை, சீயத்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீற்றர் இருப்புப்பாதையை ஜப்பானியர் காட்டினூடே அமைத்தபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் வாந்திபேதியாலும் பசியாலும் பெருந்தொகையாக மடிந்தனர். அங்கே மாண்ட ஆசியத் தொழிலாளர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்பர். மேனாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகளில் பெயர்கள் உண்டு. இவர்களிற் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை.

இதைச் சொல்லும்போது தாயார் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் அறியேன்.

பையன் ஒரு சிப்பாயைத் தெரிந்தெடுத்துத் தொப்பியை அறுத்தான், துப்பாக்கியை அகற்றினான். வெள்ளைப் பசையில் நனைத்த மெல்லிய தாளை இடுப்பில் சுற்றி வேட்டியாக்கினான். கையில் மண்வெட்டிக்கு ஒரு துண்டுக் கம்பி. இரண்டு நாளில் அவ்வுருவம் தேயிலைச் சருகின்மேல் தனியே நின்றது. வேட்டிக்கு அழுக்கு வெள்ளை பூசப் போகிறேன் என்றான்.

"வெள்ளை வேணாம்" என்றார் தாயார். உருவத்தைக் கையிலெடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "நீலக் கட்டம் போட்ட சாரம் போடு. காக்கா அதைத்தான் உடுத்திட்டுப் போனார்."

சரித்திரப்படி அது பொருந்துமா என்று பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. நகத்தளவு துணியில் கட்டம் போடுவது எளிதன்று. மிக நுண்ணிய தூரிகையால் முதலில் நெடுக்குக் கோடுகள், அவை காய்ந்தபின் குறுக்குக் கோடுகள். இரண்டு தடவை கோணிப்போய் அழித்துவிட்டான். நேற்று மூன்றாம் முறை தொடங்கியிருக்கிறான். விளக்கைப் பிடித்துக்கொண்டு தாயார் பக்கத்தில் அமர்ந்திருந்தார்.