கணக்கு கேளுங்க, எழுதிக் கேளுங்க

ஆண்டுப் பொதுக்கூட்டம் வருது. "உண்டியல் பணம் எங்க போகுது?"ன்னு அன்னதான வரிசையில பேசுறது தொண்டூழியர்களான எங்க காதிலயும் விழுது. கேள்வி தப்பில்லை, இடம்தான் தப்பு.

மலேசியாவின் 1966ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி, பதிவு பெற்ற சங்கம் பொதுக்கூட்டம் முடிஞ்ச 60 நாளுக்குள்ள கணக்கறிக்கையைப் பதிவிலாகாவுக்கு அனுப்பணும். கூட்டத்துல பேசாம கையைத் தூக்கிட்டு, அப்புறம் வாசல்ல புலம்பி என்ன பயன்?

தாள்ல எழுதிக் கொண்டு வாங்க: பெயர், உறுப்பினர் எண், அறிக்கையின் பக்கம், தொகை. ஒரு தாளுக்கு ஒரே கேள்வி. "எல்லாரும் திருடுறாங்க"ன்னா நேர்மையா உழைக்கிறவங்கதான் மனசு நொந்து விலகுவாங்க. "பக்கம் 6, பூச்செலவு ஏன் கூடுச்சு, ரசீது எங்கே?"ன்னு கேட்டா, பொருளாளர் பதில் சொல்லியே ஆகணும். மொட்டைக் கடிதம் வேண்டாம். சாமி பணத்துக்குக் கணக்கு கேட்க யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.