அவுட்டேட்டட்னு சொன்ன புண்ணியவானுக்கு

போன ஞாயித்துக்கிழமை திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடையில, ரெண்டு இன்ஜினியரிங் கைடுக்கு நடுவுல மாட்டிக்கிட்டு இருந்தது. கமாடிட்டி ஃப்யூச்சர்ஸ் பத்தின ஒரு தமிழ் அறிமுக நூல். 2003-ல எம்சிஎக்ஸ், என்சிடிஇஎக்ஸ் ரெண்டும் ஆரம்பிச்ச சூட்டோட வந்து, ஒரே பதிப்போட காணாமப் போன புத்தகம். மூணு வருஷத் தேடல் மக்களே! அட்டை கிழிஞ்சிருந்தது. 40 ரூபாய்ன்னார், பேரம் பேசாம குடுத்துட்டு வந்தேன்.

முன்னாடி ஒரு தடவை பதிப்பகத்துக்குப் போன் பண்ணி மறுபதிப்பு வருமான்னு கேட்டிருக்கேன். "அதெல்லாம் அவுட்டேட்டட் சார். இப்ப எல்லாமே வீடியோவுல இருக்கே"ன்னு பதில்.

எது சார் அவுட்டேட்டட்? புத்தகத்துல கட்டுப்பாட்டு அமைப்புன்னு எஃப்எம்சி இருக்கு. அதை 2015-ல செபியோட இணைச்சுட்டாங்க, ஒத்துக்கறேன். மாத்த வேண்டியது நாலு பக்கம். மிச்சம்?

ஒரு மஞ்சள் விவசாயி, அறுவடைக்கு முன்னாடியே ஒரு லாட், அதாவது 5 டன், ஃப்யூச்சர்ஸ்ல விக்கிறார். விலை விழுந்தா அங்க வர்ற லாபம் இங்க நஷ்டத்தை ஈடுகட்டும். இதை எல்லாரும் சொல்வாங்க. விலை ஏறினா? குவிண்டாலுக்கு 500 ரூபாய் ஏறினா 25,000 ரூபாயை அப்பப்பவே ரொக்கமா கட்டணும். மஞ்சளோ இன்னும் மண்ணுக்குள்ள. கட்ட முடியலைன்னா புரோக்கர் கணக்கை முடிச்சுடுவார், பாதுகாப்பும் போச்சு. இந்த ஒரு விஷயத்துக்கு அந்த மனுஷன் ஆறு பக்கம் ஒதுக்கி, நாள்வாரியா கணக்கு போட்டுக் காட்டியிருக்கார். நான் பார்த்த வீடியோ எதுலயும் விவசாயியே கிடையாது. மெழுகுவர்த்தி சார்ட்டும், கடைசியில கட்டணப் பயிற்சிக்கு அழைப்பும்தான்.

"2021-லதான் தடை போட்டுட்டாங்களே, இனி யாருக்கு வேணும்?"னு ஒரு நண்பர் கேட்டார். அந்த டிசம்பர்ல செபி நிறுத்தினது கோதுமை, நெல், கொண்டைக்கடலை, கடுகுன்னு ஏழு பொருளை. மஞ்சள் அந்தப் பட்டியல்லயே இல்ல சாமி.

புத்தகத்துல ஓட்டையும் இருக்கு, மறைக்கல. விலை பூஜ்யத்துக்குக் கீழ போகாதுன்னு அடிச்சுச் சொல்லியிருக்கார். 2020 ஏப்ரல் 20 கச்சா எண்ணெய் கான்ட்ராக்ட், எம்சிஎக்ஸ்ல பேரலுக்கு மைனஸ் 2,884 ரூபாய்ல முடிஞ்சது. லாட் 100 பேரல். வாங்கி வச்சிருந்தவங்க, போட்ட விலை மொத்தமும் போய், அதுக்கு மேல 2,88,400 ரூபாய் கட்ட வேண்டிய நிலைமை. லாக்டவுன்னால நம்ம சந்தை சாயங்காலம் 5 மணிக்கே மூடியாச்சு, அமெரிக்காவுல விலை விழுந்தது நம்ம ராத்திரியில. வெளிய வரக்கூட வழியில்ல. (விலைக்கு மைனஸ் வரும்னு யோசிக்காம கோட் எழுதின என் இனத்தாரையும் அன்னிக்கு நினைச்சுக்கிட்டேன்.)

இதையெல்லாம் சேர்த்துத் திருத்தின பதிப்பு போடுங்கய்யான்னுதான் கேக்கறேன். ஜாதகப் புத்தகத்துக்கு வருஷா வருஷம் புதுப் பதிப்பு போடத் தெரியுதில்ல?

அப்புறம், ஸ்கேன் பண்ணி அனுப்புன்னு யாரும் கேக்காதீங்க. எழுதினவருக்கு அதுல காலணா போகாது. வீட்டுக்கு வாங்க, உக்காந்து படிங்க, டீ தர்றேன். இரவல் மட்டும் கிடையாது.