கிணற்றைக் கேட்காமல் விடுதி கட்டாதீர்கள்

யாழ்ப்பாணத்தைச் சுற்றுலாத் தலமாக்க வேண்டும் என்கிறார்கள். 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமானதிலிருந்து இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. ஆட்கள் வரட்டும், நல்லதுதான். ஆனால் தண்ணீர்?

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்புநீரின் மேல் நன்னீராக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே வரும். குடிப்பதற்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் இதே தண்ணீர்தான். மலசலகூடக் குழிக் கழிவு இறங்குவதும் இதற்குள்தான்.

மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. நாங்கள் லண்டனிலிருந்து போய் இறங்குவதோ யூலை, ஓகஸ்டில், கிணறு இறங்கிக் கிடக்கும் நேரம். "நான் சுற்றுலாப் பயணி இல்லை, ஊர்ப்பிள்ளை" என்று சொல்லாதீர்கள். ஷவரைத் திறந்தால் கிணற்றுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

என் வேலையில், கூட்டம் அதிகம் வரும் நாளைச் சேர்வர் தாங்குமா என்று முதலில் கணக்குப் பார்ப்போம். சுற்றுலாத் திட்டமும் ஓகஸ்ட் மாதக் கிணற்றை அளந்துவிட்டுத்தான் அறைகளை எண்ணவேண்டும். கழிவுநீரைச் சுத்திகரிக்காத விடுதிக்கு அனுமதி கொடுக்கவே கூடாது. தேம்ஸ் ஓடும் லண்டனிலேயே 2022 ஓகஸ்டில் தோட்டக் குழாய்க்குத் தடை போட்டார்கள். ஆறே இல்லாத ஊரில் நீச்சல் குளம் எதற்கு?

அறை பதிவு செய்யும்போது கேளுங்கள்: "உங்கள் கழிவுநீர் எங்கே போகிறது?" பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.