கரும்பலகையில் அழிக்கக் கூடாத இரண்டு வார்த்தைகள்! - டெட்லைன் நெருக்கும்போது நல்ல தலைவர் என்ன செய்வார்?

இரவு 11:40. ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் டீம் லீடரின் மெசேஜ் வந்து விழுகிறது. 'நாளைக்குக் காலையில 10 மணிக்கு டெலிவரி. எல்லாம் ஓகேதானே?'

வரிசையாக ஒன்பது தம்ஸ்-அப். பத்தாவது ஆள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதமே ஆன பையன். டெஸ்டிங்கில் ஓர் இடம் உதைக்கிறது என்பது அவனுக்குத் தெரியும். 'சார், ஒரு சின்ன டவுட்...' என்று டைப் செய்கிறான். அழிக்கிறான். மறுபடியும் டைப் செய்கிறான். கடைசியில் அவனும் ஒரு தம்ஸ்-அப்பைத் தட்டிவிட்டு, போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுப் படுக்கிறான். தூக்கம் வரவில்லை.

இது எந்த அலுவலகத்திலும் நடக்கக்கூடிய காட்சி. மறுநாள் காலை ஏதாவது சொதப்பினால், 'யார் பண்ணின தப்பு இது?' என்று கேள்வி வரும். 'தெரிந்தவன் ஏன் வாயைத் திறக்கவில்லை?' என்ற கேள்வி மட்டும் வராது.

அந்தப் பத்தாவது ஆளைப் பேசவைப்பது எப்படி? இதற்கான விடையை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒரு டீம் உண்டு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில், நாசாவின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்த டீம் அது. அதன் தலைவர்களில் ஒருவர், ஜீன் கிரான்ஸ்.

ஒரு கெடு... மூன்று உயிர்கள்!

1961-ம் ஆண்டு, மே மாதம். அமெரிக்க அதிபர் ஜான் எஃப்.கென்னடி நாடாளுமன்றத்தில் ஓர் இலக்கை அறிவித்தார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஒரு மனிதனை நிலவில் இறக்கி, பத்திரமாக பூமிக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும். உலகமே கேட்கும்படி சொல்லிவிட்ட டெட்லைன். இனி பின்வாங்க முடியாது.

வேலைகள் பறந்தன. அப்போலோ விண்கலத்தில் மனிதர்கள் செல்லும் முதல் பயணத்துக்கு 1967 பிப்ரவரி 21 என்று நாள் குறித்தார்கள். அதற்கான ஒத்திகை ஒன்று ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்தது. ராக்கெட்டில் எரிபொருள்கூட நிரப்பவில்லை. 'ஆபத்தில்லாத சோதனை' என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கஸ் கிரிஸம், எட் வைட், ரோஜர் சாஃபி என்ற மூன்று வீரர்கள் உள்ளே படுத்திருக்க, கதவு மூடப்பட்டது.

ஆரம்பத்திலிருந்தே கோளாறு. விண்கலத்துக்கும் வெளியே இருந்தவர்களுக்கும் இடையே பேச்சு சரியாகக் கேட்கவில்லை. 'இரண்டு, மூன்று கட்டடங்களுக்கு நடுவிலேயே பேச முடியவில்லை என்றால், நிலவுக்கு எப்படிப் போவோம்?' என்று கிரிஸம் சலித்துக்கொண்டார். கவுன்ட் டவுனை நிறுத்திவைத்துக் காத்திருந்தார்கள். ஆனால், 'இன்றைக்கு இது போதும், வீரர்களை வெளியே எடுத்துவிடுவோம்' என்று யாரும் சொல்லவில்லை.

மாலை 6:30 மணியைத் தாண்டியதும் உள்ளே தீப்பிடித்தது. விண்கலம் முழுக்கச் சுத்தமான ஆக்சிஜன் நிரம்பியிருந்ததால், தீ நொடிகளில் பரவியது. கதவு உள்பக்கமாகத் திறக்கும்படி செய்யப்பட்டிருந்தது. உள்ளே ஏறிய காற்றழுத்தத்தில் அதை இழுத்துத் திறக்க முடியவில்லை. மூன்று பேரும் இறந்துபோனார்கள்.

'நாம்தான் காரணம்!'

அப்போது ஜீன் கிரான்ஸுக்கு வயது 33. ஹூஸ்டனில் விண்பயணங்களை வழிநடத்தும் இயக்குநர்களில் ஒருவர். தீப்பிடித்தது ஏவுதளத்தில். விண்கலத்தைக் கட்டியது வேறொரு நிறுவனம். கதவை வடிவமைத்தவர்கள் வேறு ஆட்கள். 'இதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை' என்று சொல்ல அவருக்கு எல்லா வழிகளும் இருந்தன.

அவர் அப்படிச் சொல்லவில்லை. விபத்துக்கு அடுத்த திங்கள்கிழமை தன் ஆட்களைக் கூட்டினார். அன்று பேசியதைப் பின்னாளில் அவரே விவரித்திருக்கிறார். அதன் சாரம் இதுதான்... 'தவறு வடிவமைப்பில் இருந்ததா, கட்டியதில் இருந்ததா, சோதனையில் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது. எதுவாக இருந்தாலும் நாம் அதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். கெடு தேதி மேலேயே கண்ணாக இருந்தோம். தினம் தினம் பிரச்னைகளைப் பார்த்தும், எப்படியோ சரியாகிவிடும் என்று விட்டுவிட்டோம். நம்மில் ஒருவர்கூட எழுந்து நின்று, 'நிறுத்துங்கள்' என்று சொல்லவில்லை. காரணம் நாம்தான்!'

பிறகு, இரண்டு வார்த்தைகளைக் கொடுத்தார். ஒன்று, 'டஃப்'. செய்ததற்கும், செய்யாமல் விட்டதற்கும் நாமே பொறுப்பேற்கும் உறுதி. இன்னொன்று, 'காம்பிடென்ட்'. எதையும் 'இருக்கும், சரியாகத்தான் இருக்கும்' என்று எடுத்துக்கொள்ளாத திறமை. 'இங்கிருந்து போனதும் அவரவர் அறையிலுள்ள கரும்பலகையில் இந்த இரண்டையும் எழுதுங்கள். அவற்றை ஒருபோதும் அழிக்கக் கூடாது' என்றார்.

கவனியுங்கள்... அந்தக் கூட்டத்தில் அவர் 'நீங்கள்' என்று சொல்லவில்லை. 'நாம்' என்றார். தலைவரே தன்னையும் சேர்த்துக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்ட பிறகுதான், மற்றவர்களுக்குத் தங்கள் தவற்றைச் சொல்லும் தைரியம் வருகிறது.

நின்றதால் தோற்றார்களா?

விபத்துக்குப் பிறகு, மனிதர்களை அனுப்பும் பயணங்கள் 20 மாதங்களுக்கு மேல் நின்றுபோயின. கதவு, நொடிகளில் வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றப்பட்டது. எளிதில் தீப்பிடிக்கும் பொருள்கள் நீக்கப்பட்டன. ஏவுதளத்தில் இருக்கும்போது சுத்த ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் கலந்த காற்று நிரப்பப்பட்டது. 1968 அக்டோபரில்தான் அப்போலோ-7 கிளம்பியது.

அப்படியானால், கென்னடி வைத்த கெடு போய்விட்டதா? இல்லை. 1969 ஜூலை 20 அன்று மனிதன் நிலவில் இறங்கிவிட்டான். ஐந்து மாதங்களுக்கு மேல் கையில் மிச்சமிருந்தது! 'நின்றால் லேட்டாகிவிடும்' என்று பயப்படுகிற எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கணக்கு இது.

அந்த நிலவுப் பயணத்துக்குச் சில நாள்களுக்கு முன்பு இன்னொரு சம்பவம். ஒத்திகையில் விண்கலக் கணினி ஓர் எச்சரிக்கை எண்ணைக் காட்டியது. அது என்னவென்று உடனே புரியாமல், ஸ்டீவ் பேல்ஸ் என்ற இளைஞர் 'பயணத்தை ரத்து செய்யுங்கள்' என்றார். அது தவறான முடிவு. தரையிறங்கியிருக்கலாம் என்று பிறகு தெரிந்தது. கிரான்ஸ் யாரையும் மாற்றவில்லை. கணினி காட்டக்கூடிய எல்லா எச்சரிக்கைகளையும், ஒவ்வொன்றுக்கும் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பட்டியல் போடச் சொன்னார். ஜாக் கார்மன் என்ற 24 வயது இன்ஜினீயர் அதைக் கையால் எழுதித் தன் மேஜையில் வைத்துக்கொண்டார். நிஜமாகவே நிலவில் இறங்கும்போது அதே வகை எச்சரிக்கை வந்தது. கார்மன் பட்டியலைப் பார்த்து பேல்ஸுக்குச் சொல்ல, பேல்ஸ் 'போகலாம்' என்றார். போனார்கள், இறங்கினார்கள்.

ஒத்திகையில் தவறு செய்த அதே ஆள்தான் நிஜத்தில் சரியாகச் சொன்னார். இடையில் நடந்தது தண்டனை கிடையாது, ஒரு பட்டியல்.

சினிமாவில் வந்த வசனம்... நிஜத்தில் வந்த வார்த்தை!

1970 ஏப்ரல் 13 இரவு. பூமியிலிருந்து சுமார் மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீட்டர் தொலைவில், அப்போலோ-13 விண்கலத்தின் ஆக்சிஜன் டேங்க் வெடித்தது. உள்ளே ஜிம் லோவெல், ஜாக் ஸ்விகெர்ட், ஃபிரெட் ஹேஸ் என்ற மூன்று வீரர்கள். மின்சாரமும் ஆக்சிஜனும் குறைந்துகொண்டே போயின. கட்டுப்பாட்டு அறையில் அப்போது பணியில் இருந்தது கிரான்ஸின் டீம்.

'தோல்வி என்ற பேச்சுக்கே இடமில்லை' என்று அவர் அன்று முழங்கியதாகப் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது 1995-ல் வந்த சினிமாவுக்காக எழுதப்பட்ட வசனம். பிறகு கிரான்ஸே அதைத் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்துக்கொண்டார். வெடித்த அந்த நிமிடங்களில் அவர் தன் டீமுக்குச் சொன்னது, இன்னும் எளிமையானது. 'பிரச்னையைத் தீர்ப்போம். ஆனால், ஊகத்தில் எதையாவது செய்து நிலைமையை இன்னும் மோசமாக்க வேண்டாம்' என்பதுதான் அதன் பொருள்.

முழக்கத்தில் பயம் கூடும். இந்த வார்த்தையில் தலை குளிரும். 'எனக்கு இன்னும் தெரியவில்லை, பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்ல எல்லோருக்கும் அனுமதி கிடைக்கும்.

ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்து, அடுத்த ஷிஃப்ட் தலைவரான கிளின் லன்னியிடம் பொறுப்பை ஒப்படைத்தார் கிரான்ஸ். 'என் நேரத்தில் நடந்தது, நானே முடிக்கிறேன்' என்று நாற்காலியைப் பிடித்துக்கொள்ளவில்லை. தன் டீமை வேறோர் அறைக்குக் கூட்டிப்போய், வீரர்களை வீட்டுக்குக் கொண்டுவரும் திட்டத்தில் இறங்கினார். இருக்கும் மின்சாரத்தைப் பங்கிடும் பொறுப்பை ஜான் ஆரோனிடம் கொடுத்தார். ஆரோனுக்கு வயது 26. வயதிலும் பதவியிலும் மூத்தவர்கள் இருந்தும், மின்சார விஷயத்தில் ஆரோன் சொல்வதே முடிவு என்று எல்லோர் முன்பாகவும் அறிவித்தார்.

வீரர்கள் வெளிவிடும் கரியமிலவாயு விண்கலத்துக்குள் கூடிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டிகள் சதுரம். பொருத்த வேண்டிய துளைகளோ வட்டம். எட் ஸ்மைலி தலைமையிலான குழு, விண்கலத்தில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியல் எடுத்தது. பிளாஸ்டிக் பை, அட்டை, விண்வெளி உடையின் குழாய், டக்ட் டேப். இவற்றை வைத்து ஒரு வழி கண்டுபிடித்து, ஒவ்வொரு படியாக மேலே படித்துக் காட்டியது. வீரர்கள் அப்படியே செய்தார்கள். மூச்சு சீரானது.

மேலே இருந்தவர்களும் மனிதர்கள்தானே... தூக்கமில்லாமல் துவண்டார்கள். ஒரு கட்டத்தில், அடுத்து என்ன செய்வது என்று மூத்த அதிகாரிகள் மூவர் மூன்று விதமாகச் சொன்னார்கள். விண்கலத்தைச் சுழலவிட்டு வெப்பத்தைச் சீராக்க வேண்டும் என்றார் ஒருவர். மின்சாரத்தை அணைக்க வேண்டும் என்றார் இன்னொருவர். வீரர்கள் முதலில் தூங்க வேண்டும் என்றார் மற்றொருவர். மூன்று பேர் பேச்சையும் கேட்டுவிட்டு கிரான்ஸ் வரிசைப்படுத்தினார்... முதலில் வெப்பம், பிறகு மின்சாரம், அதன் பிறகு தூக்கம். எவர் சொன்னதையும் தள்ளவில்லை, தயங்கிக்கொண்டும் நிற்கவில்லை.

ஏப்ரல் 17 அன்று மூவரும் பசிபிக் கடலில் பத்திரமாக வந்திறங்கினார்கள்.

நம் டீமுக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம்?

நாம் ராக்கெட் விடவில்லை. ஆனால், கெடு எல்லோருக்கும் உண்டு. கல்யாண மண்டபத்துச் சமையல் மாஸ்டருக்கு முகூர்த்தம்தான் டெட்லைன். பந்தி போடப்போகிற அவசரத்தில், 'மாஸ்டர், சாம்பார்ல உப்பு ஏறிடுச்சு' என்று ஓடிவரும் பையனுக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதில்தான் அடுத்த கல்யாணத்தின் சாப்பாடும் இருக்கிறது. 'உன்னை யாருடா ருசி பார்க்கச் சொன்னது?' என்று ஒருமுறை திட்டிவிட்டால் போதும். அடுத்த முறை உப்பு ஏறினாலும் அவன் வாயைத் திறக்க மாட்டான்.

நீங்கள் பத்துப் பேருக்குத் தலைவராக இருந்தாலும், இரண்டு பேருக்குத் தலைவராக இருந்தாலும், இந்த வாரம் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

* 'எல்லாம் ஓகேதானே?' என்று கேட்காதீர்கள். அதற்கு 'ஓகே' என்ற ஒரே பதில்தான் வரும். 'எந்த இடம் நமக்கு உதைக்கும்?' என்று கேளுங்கள்.

* உங்கள் தவறு ஒன்றை முதலில் நீங்களே சொல்லுங்கள். 'இந்தத் தேதிக்கு ஒப்புக்கொண்டதே என் தவறு' என்பதுகூட நல்ல ஆரம்பம்.

* பிரச்னையைக் கொண்டுவருபவருக்கு முதல் வார்த்தையாக 'நல்லவேளை, சொன்னீங்க' என்று சொல்லுங்கள். தீர்வைப் பிறகு பேசலாம்.

* ஒரு வேலைக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினால், எல்லோர் முன்பாகவும் அதைச் சொல்லுங்கள். பிறகு குறுக்கே போகாதீர்கள்.

* தூங்கப் போகச் சொல்லுங்கள். நீங்களும் போங்கள். சோர்ந்த கண்ணுக்குத் தவறு தெரியாது.

சரி... அந்த வாட்ஸ்அப் குரூப்புக்குத் திரும்புவோம். மணி 11:40. டீம் லீடரின் மெசேஜ் இப்படி வந்தால் எப்படி இருக்கும்?

'நாளைக்கு 10 மணிக்கு டெலிவரி. பேமென்ட் பக்கத்தை நான் சரியா பார்க்கலை, அது என் தப்பு. வேற எங்கேயாவது இடிக்குதா? சின்ன டவுட்டா இருந்தாலும் சொல்லுங்க. தேவைப்பட்டா கிளையன்ட்கிட்ட டைம் நான் கேட்டுக்கறேன்.'

பத்தாவது ஆள் டைப் செய்யத் தொடங்குகிறான். இந்த முறை அழிக்கவில்லை.