பதிப்பாண்டு பாராத பாடம்

சிற்றிதழ்களுக்கு இணையத்தில் ஓர் அட்டவணை அமைக்கும் ஆசையில் நாம் பி.எச்.பி. கற்கப் புகுந்தோம். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த நூலொன்றைப் பின்பற்றி, தரவுத்தளத்தோடு இணைக்கும் கட்டளையிலேயே இடறினோம். இரண்டு வாரம் நம் தட்டச்சையே ஐயுற்றோம். பிழை நம்முடையதன்று. அந்நூல் கற்பித்த மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 2013இல் வழக்கொழியத் தக்கவையென அறிவிக்கப்பட்டு, 2015இல் வெளியான ஏழாம் பதிப்பில் அடியோடு நீக்கப்பட்டவை. எந்தப் பதிப்பு என்று குறிக்காமல் சங்கப் பாடலை எடுத்தாளும் மாணவரைக் கடிந்துகொள்ளும் நாமே பதிப்பாண்டைப் பார்க்கத் தவறினோம்!

ஓடாத பாடமாவது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். ஓடுகின்ற தவறான பாடமே கொடியது. பயனர் உள்ளிடும் சொல்லை அப்படியே தரவுத்தள வினவலில் ஒட்டச் சொல்லும் பாடங்கள் இன்றும் கிடைக்கின்றன. அந்த ஓட்டை வழியே எவரும் தரவுகளைத் திருடலாம், அழிக்கலாம். ஆகவே எந்த நூலானாலும் முதலில் அந்த இயலைப் புரட்டுங்கள். வினவலையும் பயனர் தரும் சொல்லையும் தனித்தனியே அனுப்பும் 'ப்ரிபேர்' முறை அங்கே இல்லையேல் மூடிவிடலாம்.

பி.எச்.பி.யின் அதிகாரபூர்வக் கையேடு இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு கட்டளை எந்தெந்தப் பதிப்புகளில் உண்டு என்பதை அதன் பெயருக்குக் கீழேயே குறித்திருப்பார்கள். நடை வறண்டது, உரையில்லாத நூற்பாக்களைப் படிப்பது போலிருக்கும். எனினும் அந்த ஒரு வரி நமக்கு இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.