சதுர மீட்டருக்கு எத்தனை குத்து?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் சதுர கிலோமீட்டருக்கு 555 பேர் வசித்தார்கள். சென்னையில் மட்டும் பார்த்தால் 26 ஆயிரத்துக்கும் மேல். மாநில சராசரியை வைத்துச் சென்னைக்குக் குடிநீர்த் திட்டம் போட முடியாது. அடர்த்தி ஒரு வகுத்தல் கணக்கு. எந்த இடத்தை எடுத்து வகுக்கிறோமோ, அந்த இடத்துக்குத்தான் விடை பொருந்தும்.

நெல் வயலுக்கும் இதே கணக்குதான். 20-க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து இருக்க வேண்டும். ஆள் பற்றாக்குறையில், கயிறு பிடிக்காமல் அவசரமாக நடும்போது இடைவெளி 25-க்கு 20 ஆகிவிட்டால் 20 குத்துதான் நிற்கும். தூர் வெடித்து ஓரளவு ஈடுகட்டும். ஆனால் குறுகிய கால ரகங்களுக்கு அதற்கான நாட்கள் குறைவு. பிறகு எவ்வளவு யூரியா போட்டாலும் இல்லாத குத்தில் கதிர் வராது.

திருந்திய நெல் சாகுபடியில் 16 குத்துதானே என்று கேட்கலாம். அங்கே 14 நாள் வயதுள்ள நாற்றை ஒற்றையாக, 25-க்கு 25 செ.மீ. இடைவெளியில் சதுரமாக நட்டு, கோனோவீடர் ஓட்டுகிறோம். வயது முதிர்ந்த நாற்றைக் கலைத்து நட்டுவிட்டு அந்த எண்ணைச் சொல்லி ஆறுதல் அடைய முடியாது. அதற்காக மிக நெருக்கி நடுவதும் தவறு. காற்றும் வெளிச்சமும் புகாத பயிரில் புகையான் பெருகும்.

நட்ட ஒரு வாரத்தில் ஒரு மீட்டர் நீளமுள்ள நான்கு குச்சிகளைச் சதுரமாகக் கட்டுங்கள். வரப்பை ஒட்டி வைக்காமல், வயலுக்குள் ஐந்து இடங்களில் வைத்துக் குத்துகளை எண்ணுங்கள். ஒவ்வொரு எண்ணையும் தனியாகக் குறியுங்கள். 50, 50, 50, 30, 20 என்று வந்தால் சராசரி 40. அதை மட்டும் பார்த்தால் வயல் முழுவதும் கொஞ்சம் கலப்பு என்று தோன்றும். உண்மையில் குறை இருப்பது இரண்டு இடங்களில். அங்கே மட்டும், நட்ட 7 முதல் 10 நாட்களுக்குள் நாற்று வைத்து நிரப்பினால் போதும். அதற்காக வயல் மூலையில் கொஞ்சம் நாற்றை ஒதுக்கி வையுங்கள்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரிந்துரைத்த இடைவெளியை அப்படியே பதிவேட்டில் எழுதாதீர்கள். வயலில் இறங்கி எண்ணியதை எழுதுங்கள். விளைச்சல் ஏன் குறைந்தது என்று அறுவடையில் தேடும்போது, முதலில் உதவப்போவது அந்த எண்தான்.